மலேரியாவில் தட்டணுக் குறைவும் நோயின் கடுமையும்: ஓர் ஆய்வுப் பார்வை

முன்னுரை

காய்ச்சல் கண்டவரைப் பார்க்கச் செல்வோர் முன்னாளில் "சூடு எவ்வளவு?" என்று வினவினர். இந்நாளில் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று வினவுகின்றனர். இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சிடப்பட்டுள்ள ஓர் எண், நோயாளியின் உற்றார் அனைவரையும் மருளச் செய்கிறது. அவ்வெண் ஏறினால் மகிழ்கின்றனர், இறங்கினால் கலங்குகின்றனர். அந்த எண் எதனைக் குறிக்கிறது, ஏன் குறைகிறது, குறைவதனால் நோய் கடுமையாகிவிட்டது என்று கொள்ளலாமா என்பன போன்ற வினாக்களை எழுப்பி விடை காண்போர் மிகச் சிலரே. மலேரியா நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நாம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகட்கு முன்னர், விடுதியில் தங்கிப் பயின்ற முதலாண்டு மாணவர் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. தட்டணுக்களின் எண்ணிக்கை 62,000 என்று பரிசோதனைத் தாள் கூறிற்று. "டெங்குவாகத்தான் இருக்கும், தட்டணு ஏற்ற வேண்டிவரும்" என்னும் பேச்சு பரவியது. உடன் பயில்வோர் பன்னிருவர் இரத்தம் வழங்க முன்வந்து நின்றனர். அவர்தம் நல்லெண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும் இரண்டு நாள் கழிந்த பின்னரே, வந்திருந்த முதியவர் ஒருவர், "கண்ணாடியில் இரத்தம் பூசிக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா?" என்று வினவினார். பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கண்டறியப்பட்டது. உரிய மாத்திரைகள் தொடங்கிய சில நாள்களிலேயே காய்ச்சல் தணிந்தது. ஒருதுளி தட்டணுவும் ஏற்றாமலேயே எண்ணிக்கை தானாக உயர்ந்தது. எண்ணைத் துரத்திய இரண்டு நாள்களில் காரணம் மறைந்து கிடந்தது. அம்மாணவரைத் தாக்கியது பால்சிபாரம் வகையாக இருந்திருப்பின், அவ்விரண்டு நாள்கள் உயிருக்கே உலை வைத்திருக்கும்.

மலேரியா: சுருக்கமான அறிமுகம்

'மலேரியா' என்னும் சொல் 'கெட்ட காற்று' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து பிறந்தது. சதுப்பு நிலத்துக் காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், நோயாளியின் இரத்தத்தில் இந்நோயின் ஒட்டுண்ணியை உருப்பெருக்கி வழியே கண்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், நம் நாட்டின் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் இரைப்பைச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டு, அனாபிலிஸ் கொசுவே இதனைப் பரப்புகிறது என்பதற்கு வழிகோலினார். ராஸ் 1902ஆம் ஆண்டிலும் லாவெரான் 1907ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு பெற்றனர்.

மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடிய வகைகளாக ஐந்தினைக் குறிப்பிடுவர். அவற்றுள் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவன வைவாக்ஸ், பால்சிபாரம் ஆகிய இரண்டுமாகும். கொசுக்கடியின் வழியே உடலுள் புகும் ஒட்டுண்ணி, முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. பின்னர் இரத்தத்தின் சிவப்பணுக்களுள் நுழைகிறது. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அவ்வணுக்கள் வெடித்துப் புதிய ஒட்டுண்ணிகள் வெளிப்படுகின்றன. நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையும் முறைவைத்து வருதற்கு இதுவே காரணம். நம் முன்னோர் இதனை 'முறைசுரம்' என்று வழங்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை எண்ணி மகிழலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 26 கோடியே 30 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 5,97,000 பேர் மாண்டனர். இறந்தோருள் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் கண்டத்துச் சிறு குழந்தைகள். விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் நோயுற்று, எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. நம் அண்டை நாடாகிய இலங்கை, 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களை இந்நோய்க்குப் பலிகொடுத்த நாடு. அது 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றினைப் பெற்றது. மனித முயற்சியால் இந்நோய் வெல்லப்படக்கூடியதே என்பதற்கு இஃதொரு நற்சான்று.

தட்டணுக்கள் யாவை?

இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என மூவகை அணுக்கள் உள்ளன. தட்டணுவை ஆங்கிலத்தார் 'பிளேட்லெட்' என்பர்; சிறு தட்டு என்பது அதன் பொருள். எனவே 'தட்டணு' என்னும் தமிழாக்கம் பொருளும் வடிவும் ஒருசேர விளங்க அமைந்துள்ளது. இவை சிவப்பணுவினும் சிறியவை, இரண்டு அல்லது மூன்று மைக்ரோமீட்டர் அளவின, உட்கரு அற்றவை. எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்களின் விளிம்பிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றின் வாழ்நாள் ஏழு முதல் பத்து நாள்களே.

நலமுடைய ஒருவரின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். குழாய்ச் சுவரில் கீறல் ஏற்படுங்கால் அவ்விடத்தில் ஒன்றுகூடி அடைப்பை உண்டாக்கி, குருதிப்பெருக்கைத் தடுப்பது இவற்றின் தலையாய பணி. எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குக் கீழ் இறங்குவதையே தட்டணுக் குறைவு என்கிறோம். ஒரு லட்சம் வரையுள்ள குறைவை எளிய குறைவு என்றும், 50,000 வரையுள்ளதை நடுத்தரக் குறைவு என்றும், 50,000க்குக் கீழ்ப்பட்டதைக் கடுங்குறைவு என்றும் பொதுவாக வகுத்துரைப்பர்.

மலேரியாவில் இவை குறைவது ஏன்?

மலேரியா நோயாளருள் பெரும்பாலோரிடம் தட்டணுக் குறைவு காணப்படுகிறது. வைவாக்ஸ், பால்சிபாரம் ஆகிய இருவகையிலும் இது நிகழ்கிறது. இதற்குக் காரணம் ஒன்றன்று, பல.

முதலாவது, மண்ணீரல். நலமுடையோர் உடலிலும் தட்டணுக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். மலேரியாவில் மண்ணீரல் வீங்குவதால் மேலும் பல அங்கே சிறைப்படுகின்றன. அவை அழிந்தொழியவில்லை, ஓட்டத்தினின்றும் விலக்கி வைக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது, எதிர்ப்பாற்றல். கிருமியை எதிர்க்க எழும் எதிர்ப்புப் பொருள்கள் தட்டணுக்களின் மீதும் படிகின்றன. அங்ஙனம் படிந்தவற்றை உடலின் துப்புரவு அணுக்கள் விழுங்கிவிடுகின்றன.

மூன்றாவது, குழாய்ச்சுவரின் கிளர்ச்சி. நோயின் வேகத்தில் நுண்குழாய்களின் உட்சுவர் தூண்டப்பட்டு, வான் வில்பிராண்ட் காரணி என்னும் நீண்ட ஒட்டும் புரதத்தை வெளியிடுகிறது. அதனைத் துண்டித்துச் சிறிதாக்கும் நொதி கடும் மலேரியாவில் குறைந்துபோவதால், நூலில் கோத்த மணிகள் போலத் தட்டணுக்கள் அப்புரதத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

நான்காவது, நேரடிப் போர். நோயுற்ற சிவப்பணுக்களின் மீது தட்டணுக்கள் சென்று ஒட்டுகின்றன. அம்முயற்சியில் தாமும் செலவாகின்றன.

ஈண்டு ஒன்றனை ஊன்றி நோக்குதல் வேண்டும். எலும்பு மச்சையிலுள்ள பேரணுக்கள் பெரும்பாலான நோயாளரிடம் குறைவதில்லை. இயல்பான அளவிலோ மிகுந்தோ காணப்படுகின்றன. உற்பத்தி பொதுவாக நின்றுவிடவில்லை, செலவே மிகுந்துவிட்டது. செலவின் காரணத்தை நீக்கினால் வரவு தானே கணக்கை நேர்செய்யும். கிருமி அழிந்த சில நாள்களில் எண்ணிக்கை விரைந்து உயர்வதன் மருமம் இதுவே.

சிலவிடத்துப் பொய்க்குறைவும் உண்டு. பரிசோதனைக் குழாயில் இரத்தம் உறையாதிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள், சிலரின் தட்டணுக்களைக் கும்பலாக ஒட்டச் செய்துவிடும். கும்பலை எந்திரம் சரியாக எண்ணாது. எண் ஐயத்துக்கிடமாயின், கண்ணாடிச் சில்லில் பூசிய இரத்தத்தை உருப்பெருக்கியில் கண்ணால் கண்டு உறுதிசெய்தல் நன்று.

காவலரா, பகைவரா?

தட்டணு நமக்கு நன்மை செய்வதா, தீமை செய்வதா என்னும் வினாவுக்கு மலேரியாவில் ஒற்றை விடை இல்லை.

2009ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, சிவப்பணுவுக்குள் பதுங்கியிருக்கும் ஒட்டுண்ணியைத் தட்டணுக்கள் கொல்லவல்லன என்பதை ஆய்வகத்தில் காட்டியது. நோயுற்ற அணுவில் ஒட்டிய தட்டணு, 'தட்டணுக் காரணி 4' என்னும் புரதத்தைச் சுரந்து உள்ளிருக்கும் கிருமியை மாய்க்கிறது. 2018இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நோயாளரின் இரத்தவோட்டத்திலேயே இச்செயல் நடைபெறுவதை உறுதிப்படுத்தியது. ஆகவே, எண்ணிக்கை குறைவதன் ஒரு பகுதி, போர்க்களத்தில் வீழ்ந்த காவலரின் கணக்கே எனலாம்.

மறுபுறமும் உண்டு. மூளை மலேரியாவால் இறந்த மலாவி நாட்டுக் குழந்தைகளின் மூளை நுண்குழாய்களில் தட்டணுக்கள் திரண்டு கிடந்தமையை 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று எடுத்துரைத்தது. நோயுற்ற சிவப்பணுக்களை ஒன்றோடொன்றும் குழாய்ச்சுவரோடும் ஒட்டச்செய்யும் பாலமாகத் தட்டணுக்கள் அமைந்துவிடுகின்றன. நோயின் தொடக்கத்தில் காவலராய் இருப்பவை, நோய் முற்றிய நிலையில் வழியடைக்கும் கூட்டமாய் மாறுகின்றன. காலமும் இடமும் அறிந்தே எதனையும் மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை.

எண்ணிக்கையும் கடுமையும்: ஆய்வுகள் கூறுவன

இனி, கட்டுரையின் நடுநாயகமான வினாவுக்கு வருவோம். தட்டணு குறையக் குறைய நோயின் கடுமை மிகுகிறதா?

2002ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. செனகல் நாட்டின் டக்கார் நகரில் பால்சிபாரம் மலேரியாவுற்ற குழந்தைகளை ஆராய்ந்தோர், எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் குறைந்தோரிடம் இறப்பு மிகுதி என்று கண்டனர். கென்யா நாட்டின் கிலிஃபியில் குழந்தைகளை ஆராய்ந்தோரோ, தட்டணுக் குறைவு பரவலாகக் காணப்படினும் அஃது இறப்போடு தொடர்புடையதன்று என்று கண்டனர். ஒரே நோய், ஒரே கண்டம், ஒரே ஆண்டு, முடிவுகள் இரண்டு.

இவற்றுள் ஒன்று பொய் என்று கொள்ளுதல் பொருந்தாது. நோய் எப்போதும் பரவியுள்ள இடத்துக் குழந்தைகளும், அரிதாகப் பரவும் நகரத்துக் குழந்தைகளும் எதிர்ப்பாற்றலில் வேறுபடுவர். எவ்வளவு முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தனர் என்பதும் வேறுபடும். ஓரிடத்து முடிவை ஆராயாமல் மற்றோரிடத்துக்குப் பொருத்துதல் ஆய்வுநெறியாகாது. மொழியாய்வில் ஒரு வட்டாரத்து வழக்கை நாடு முழுமைக்கும் உரியதாகக் கொள்ளக்கூடாது என்று நம் மாணவர்க்கு உரைக்கின்றோம். அந்நெறி மருத்துவத்துக்கும் உரியதே.

2015ஆம் ஆண்டில், இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியில் பெருந்தொகையான நோயாளரின் பதிவுகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு இச்சிக்கலுக்கு ஒளியூட்டியது. எண்ணிக்கை 50,000க்குக் கீழ்ப்பட்டோரிடம் இறப்பு மிகுந்திருந்தது. கடும் இரத்தச்சோகையும் சேர்ந்தவரிடம் இடர் இன்னும் பெருகியது. தட்டணுக் குறைவு தனித்து நின்று உரைப்பதைவிட, பிற குறிகளோடு சேர்ந்து நிற்கும்போதே உரத்து உரைக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

'வைவாக்ஸ் வகை தீங்கற்றது' என்னும் பழைய நம்பிக்கையும் இந்நாளில் தளர்ந்துவிட்டது. இராசஸ்தானத்துப் பிக்கானேர் மருத்துவர்கள், வைவாக்ஸ் நோயாளரிடமும் கடும் விளைவுகள் நேர்வதை 2005ஆம் ஆண்டு முதற்கொண்டு விரிவாகப் பதிந்துள்ளனர். அவ்வகையிலும் தட்டணுக் குறைவு பெரிதும் காணப்படுகிறது.

எவற்றைக் கண்டு அஞ்சுதல் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் கடும் மலேரியாவுக்குரிய அடையாளங்களைத் தொகுத்துள்ளது. நினைவு மங்குதல், எழுந்து அமரவும் இயலாத் தளர்ச்சி, மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு, மூச்சுத்திணறல், இரத்தத்தில் அமிலம் மிகுதல், சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழ் வீழ்தல், பெரியோரிடம் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைதல், சிறுநீரகம் செயலிழத்தல், கிருமிப்பெருக்கத்தோடு கூடிய மஞ்சட்காமாலை, அதிர்ச்சி நிலை, குறிப்பிடத்தக்க குருதிக்கசிவு ஆகியன அவற்றுள் தலையாயவை. தட்டணுக் குறைவு மட்டும் அப்பட்டியலில் தனியோர் அடையாளமாக இடம்பெறவில்லை என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

சான்றாக இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவருக்கு எண்ணிக்கை 40,000. அவர் தெளிவாகப் பேசுகிறார், உண்கிறார், சிறுநீர் இயல்பாகக் கழிகிறது. மற்றவருக்கு 1,20,000, ஆயின் பிதற்றுகிறார், மூச்சு வாங்குகிறது. எண்ணை மட்டும் நோக்குவோர் முதலாமவருக்காக அஞ்சுவர். நோயாளியை நோக்கும் மருத்துவரோ இரண்டாமவரிடமே முதலில் விரைவார். முதலாமவரையும் உன்னிப்பாகக் கவனித்தல் வேண்டும். ஆனால் உடனடி ஆபத்து இரண்டாமவருக்கே.

அப்படியாயின் தட்டணுக் கணக்கினால் பயனில்லையா? இரு பயன்கள் உண்டு. காய்ச்சலோடு தட்டணுக் குறைவும் சேர்ந்து வருமாயின் மலேரியா இருக்கக்கூடும் என்று அது சுட்டுகிறது. டெங்கு, எலிக்காய்ச்சல் முதலியவற்றிலும் இக்குறைவு நேர்வதால், அது முடிவன்று, தேடலின் தொடக்கமே. இரண்டாவதாக, எண்ணிக்கை மிகத் தாழ்ந்தவரை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று அது எச்சரிக்கிறது.

மருத்துவ முறை

நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்தறிந்த பின்னரே தணிக்கும் வழியைக் கைக்கொள்ள வேண்டும் என்னும் முறைவைப்பைத் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' வலியுறுத்துகிறது. மலேரியாவில் மூலம் கிருமி. தட்டணுக் குறைவு அதன் நிழல். நிழலை நிமிர்த்த முயன்று பயனில்லை.

முதற்பணி, இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பார்ப்பதும் விரைவுச் சோதனை அட்டையைப் பயன்படுத்துவதுமாகும். முதற்சோதனையில் கிருமி தென்படாவிடினும், ஐயம் நீங்காதபோது 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் பார்த்தல் வேண்டும். வைவாக்ஸ் வகைக்கு மூன்று நாள் குளோரோகுயினும், கல்லீரலில் உறங்கும் கிருமியை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயினும் நம் நாட்டில் வழங்கப்பட்டு வந்துள்ளன. காய்ச்சல் விட்டதும் பிரைமாகுயினை இடையில் நிறுத்துவோர், சில மாதம் கழித்து அதே நோயால் மீண்டும் படுக்கின்றனர். கருவுற்ற பெண்டிர்க்கும் குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உடையோர்க்கும் இம்மருந்து ஊறு செய்யுமாதலால், மருத்துவர் ஆணையின்றி உட்கொள்ளலாகாது. பால்சிபாரம் வகைக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகள் உரியவை. இம்மருந்தைக் கண்டறிந்த சீன அறிஞர் தூ யூயூ, பழஞ்சீன மருத்துவ நூலொன்றின் குறிப்பால் தூண்டப்பட்டவர். 2015இல் நோபல் பரிசு பெற்றார். பண்டை நூல்களைப் பயில்வோர்க்கு இஃதொரு பெருமிதச் செய்தி. கடும் மலேரியாவில் நரம்பு வழியே ஆர்ட்டிசுனேட் செலுத்துவர். 2005ஆம் ஆண்டு வெளியான ஆசிய ஆய்வில், குயினின் பெற்றோருள் நூற்றுக்கு 22 பேர் இறக்க, ஆர்ட்டிசுனேட் பெற்றோருள் 15 பேரே இறந்தனர்.

தட்டணு ஏற்றுதல், குருதிக்கசிவு உள்ளபோதோ எண்ணிக்கை மிகமிகத் தாழ்ந்தபோதோ மருத்துவர் ஆய்ந்து முடிவு செய்ய வேண்டியதாகும். மலேரியாவில் எண்ணிக்கை பெரிதும் குறைந்தவரிடத்தும் கடுங்குருதிப்பெருக்கு அரிதே. மேலும், வீங்கிய மண்ணீரல் ஏற்றிய தட்டணுக்களையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும். தானமாகப் பெற்ற தட்டணுக்களைப் பொதுவாக ஐந்து நாள்களே வைத்திருக்க இயலும். அவ்வரிய பொருளைத் தேவையற்றவர்க்குச் செலவிட்டால், உண்மையிலேயே வேண்டியவர் இழப்பர்.

தட்டணு குறைந்த காலத்தில் ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளைத் தாமே உட்கொள்ளல் தவறு. எஞ்சியுள்ள தட்டணுக்களின் ஒட்டும் ஆற்றலையும் ஆஸ்பிரின் கெடுத்துவிடும். பப்பாளி இலைச்சாறு முதலியவற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிவைப்பதும் தீங்கே. இலைச்சாறு அருந்துவதால் சிவப்பணுவிலுள்ள மலேரியாக் கிருமி ஒழிந்துவிடாது.

நம் கடமை

தமிழகத்தின் மலேரியா நோயாளருள் பெரும்பகுதியினர் பல ஆண்டுகள் சென்னை மாநகரிலேயே பதிவாயினர். கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவே அங்கு நோயைப் பரப்பியது. எனவே மூடியற்ற தொட்டிக்கு மூடியிடுதலும், வழிபாட்டிடங்கள், பள்ளிகள், விடுதிகள் ஆகியவற்றின் நீர்நிலைகளைத் தூய்மையாக வைத்தலும் அறச்செயல்களே.

மாணவர்கள் விடுமுறை முடிந்து வெளியூரிலிருந்து திரும்பிய சில வாரங்களில் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டால், தாம் சென்றுவந்த இடத்தை மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும். ஆசிரியர்கள் இச்செய்திகளை எளிய தமிழில் எடுத்துரைக்க வேண்டும். சமுதாயப் பெரியோர்கள், இரத்ததான முகாம் நடத்தும் அதே ஆர்வத்துடன், "கிருமிச் சோதனை செய்தாயிற்றா?" என்னும் வினாவையும் ஊரெங்கும் பரப்ப வேண்டும். அன்று விடுதி மாணவரின் நோய்க்கு வழிகாட்டியது அவ்வொரு வினாவே அன்றோ!

முடிவுரை

மலேரியாவில் தட்டணுக் குறைவு மிகப் பரவலானது; பெரும்பாலும் மருத்துவத்தால் தானே மீளக்கூடியது. தனித்து நிற்கும்போது அது நோயின் கடுமையை அளக்கும் முழுமையான கோல் ஆகாது. மிகத் தாழ்ந்த எண், இரத்தச்சோகை முதலிய குறிகளோடு சேருங்கால் ஆபத்தின் அறிகுறியாகிறது. ஆகவே எண்ணைப் புறக்கணிக்கவும் வேண்டா. எண்ணுக்கு அடிமையாகவும் வேண்டா. கிருமியைத் தேடுவோம், நோயாளியை நோக்குவோம், காலந்தாழ்த்தாது மருத்துவம் செய்வோம். இம்மூன்றும் கைவரப்பெற்ற சமுதாயத்தில் மலேரியாவால் ஓர் உயிரும் வீணே போகாது.